தொட்டுக்கொள்ளும் காய், தட்டின் பாதியாவது எப்படி?

ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் சார்பில், இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்களைத் திருத்தி 2024 மே மாதம் வெளியிட்டது. நாட்டின் மொத்த நோய்ச்சுமையில் 56.4 சதவீதம் முறையற்ற உணவோடு தொடர்புடையது என்ற மதிப்பீடும், காய்கறியும் பழமும் தட்டில் ஏறத்தாழ பாதி இடத்தைப் பிடிக்க வேண்டும் என்ற பரிந்துரையும் செய்திகளில் பெரிதாக இடம்பெற்றன. ஆனால், அந்தப் பாதியை எப்படி அளப்பது என்பதில் குழப்பம் இன்னும் நீங்கவில்லை. உருளைக்கிழங்கு வறுவல் கணக்கில் வருமா, சாம்பாரில் கிடக்கும் இரண்டு முருங்கைத் துண்டுகள் போதுமா, பழச்சாறு பழத்துக்கு ஈடாகுமா, நான்கு பேர் உள்ள வீட்டுக்கு வாரம் எத்தனை கிலோ வாங்குவது போன்ற கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றுக்கான விடைகளையும், அறிந்த பின்னும் குடும்பங்கள் ஏன் அதைச் செய்ய முடியாமல் தவிக்கின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

எத்தனை கிராம்?

நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் பரிந்துரைக்கிறது. அந்த 400 கிராமில் 100 கிராம் கீரையாக இருக்க வேண்டும். இவை சமைப்பதற்கு முன், தோல், காம்பு, விதை போன்றவற்றை நீக்கிய பின் உள்ள எடைகள். வதங்கிய பொரியலை வைத்துக் கணக்கிட்டால் ஏமாற்றமே மிஞ்சும்; ஒரு கட்டுக் கீரை ஆய்ந்து கடைந்த பிறகு ஒரு சிறு கிண்ணத்தில் அடங்கிவிடுவது சமைப்பவர்கள் எல்லோரும் அறிந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2023-இல், காயும் பழமும் சேர்த்து நாளொன்றுக்கு உண்ண வேண்டிய குறைந்தபட்ச அளவை வயதுவாரியாக வகுத்துத் தந்தது. 2 முதல் 5 வயது வரை 250 கிராம், 6 முதல் 9 வயது வரை 350 கிராம், 10 வயதுக்கு மேல் 400 கிராம். பெற்றோர் இருவர், 8 வயதில் ஒரு குழந்தை, 4 வயதில் ஒரு குழந்தை உள்ள வீட்டுக்கு இந்தக் குறைந்த அளவின்படியே நாளுக்கு 1 கிலோ 400 கிராம் வேண்டும், வாரத்துக்கு 9.8 கிலோ. கழிவாகப் போகும் தோலையும் தண்டையும் சேர்த்தால் வாங்க வேண்டிய எடை இன்னும் கூடும். ஞாயிற்றுக்கிழமை 4 கிலோ காயும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கி, அதிலேயே வாரத்தை ஓட்டும் குடும்பம், தான் நிறையக் காய் சாப்பிடுவதாக நம்பினாலும், தேவையில் பாதியைச் சுற்றியே நிற்கிறது.

‘பாதித் தட்டு’ என்பது இடத்தைக் குறிக்கிறது, கலோரியை அல்ல. சுரைக்காயிலோ புடலங்காயிலோ நீர்தான் மிகுதி. தட்டில் பாதியை அடைத்தாலும் அவை தரும் ஆற்றல் சொற்பம். தானியங்களிலிருந்து வரும் ஆற்றல் மொத்தத்தில் 45 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பதே வழிகாட்டுதலின் நோக்கம். ஆனால், 2025-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, இந்தியர்கள் பெறும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகக் கண்டது. காய்க்கு இடம் வேண்டுமென்றால் சோறும் இட்லியும் சப்பாத்தியும் கொஞ்சம் நகர்ந்தாக வேண்டும். வழக்கமான சோற்றுக்கு மேல் கூடுதலாகக் காயைத் திணிப்பது இதன் பொருளாகாது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன் 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவே, பின்னர் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பி வாழ்வோரைத் தாக்கும் நோய் பெரிபெரி. சோற்றையே நம்பியிருக்கும் உணவு பற்றிய கவலை நூறாண்டுக்கு முன்பே நீலகிரியில் தொடங்கிவிட்டது.

எது கணக்கில் வரும், எது வராது

1. உருளை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி போன்ற மாவுச்சத்து மிகுந்த கிழங்குகளை உலக சுகாதார நிறுவனம் 400 கிராம் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்திய வழிகாட்டுதலின் பாதித் தட்டில் கிழங்குகளுக்கும் ஓர் இடம் இருப்பதால்தான் குழப்பம் வருகிறது. சோற்றோடு உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் வைத்தால், மாவுச்சத்தோடு மாவுச்சத்தையே சேர்க்கிறோம் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பான முடிவு. கேரட், முள்ளங்கி, பீட்ரூட் ஆகியவை காய்கறிக் கணக்கில் தயங்காமல் வரும்.

2. துவரை, உளுந்து, கடலை ஆகியவற்றுக்கு நாளுக்கு 85 கிராம் என்று தனி அளவு உண்டு. கெட்டியான பருப்புக் குழம்பு காய்க்கு மாற்றாகாது.

3. சாம்பாரும் குழம்பும் அவற்றில் உள்ள காயின் எடைக்கு மட்டும் கணக்கில் வரும். இரண்டு முருங்கைத் துண்டும் கால் தக்காளியும் 80 கிராமைக்கூட எட்டாது. கூட்டும் அவியலும் இந்த வகையில் பல மடங்கு மேல்.

4. பழத்தைப் பிழிந்தால் நார் பின்தங்கிவிடுகிறது, சர்க்கரை மட்டும் விரைந்து இறங்குகிறது. பழச்சாற்றின் சர்க்கரையை, குறைக்க வேண்டிய சர்க்கரைகளின் பட்டியலிலேயே உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குப் பழச்சாறு தேவையில்லை என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2017-ஆம் ஆண்டு நிலைப்பாடு.

5. ஊறுகாய், வற்றல், வடாம் ஆகியவை உப்பின் கணக்கில்தான் வரும். உறைய வைத்த பச்சைப் பட்டாணி தாராளமாகக் காய்க் கணக்கில் வரும்.

உடலுக்குள் என்ன நடக்கிறது

காயையும் கீரையையும் ‘சத்து’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுவது வழக்கம். உண்மையில் அவை வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. நார்ச்சத்து, மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கும் வேகத்தைத் தணிக்கிறது. பொட்டாசியம், உப்பிலுள்ள சோடியத்தின் விளைவைக் குறைத்து இரத்த அழுத்தம் இறங்க உதவுகிறது. 1997-இல் அமெரிக்காவில் வெளியான ‘டாஷ்’ ஆய்வில், உப்பின் அளவையோ உடல் எடையையோ மாற்றாமல் காய்கறியையும் பழத்தையும் மட்டும் கூட்டிய பிரிவினருக்கு, எட்டே வாரங்களில் மேல் அழுத்தம் சராசரியாக 2.8 புள்ளி குறைந்தது. மாத்திரை இல்லாமல், சமையலறையிலிருந்தே கிடைத்த பலன் அது.

தமிழ்நாட்டுக்கு இது எவ்வளவு அவசரமானது என்பதை 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டுகிறது. 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை; 40.4 சதவீதத்தினருக்கு அதிக எடை. ஒரே வயதுப் பிரிவில் இரண்டும் சேர்ந்து நிற்பது முரணாகத் தோன்றலாம். வயிறு நிறைகிறது, நுண்சத்து கிடைப்பதில்லை. இந்த நிலையை ‘மறைந்த பசி’ என்பார்கள்.

இரும்புச்சத்தைப் பொறுத்தவரை, எதைச் சாப்பிடுகிறோம் என்பதோடு எதனோடு சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் உறிஞ்சுவதில்லை. வைட்டமின் சி உடனிருந்தால் உறிஞ்சுதல் கூடுகிறது, தேநீரிலும் காபியிலும் உள்ள டானின் அதைத் தடுக்கிறது. அதனால்தான் உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீர், காபி வேண்டாம் என்று வழிகாட்டுதல் கூறுகிறது. வைட்டமின் சி-க்கு விலையுயர்ந்த பழத்தைத் தேட வேண்டியதும் இல்லை. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, ஆரஞ்சில் சுமார் 43, ஆப்பிளில் மிகவும் குறைவு. நோயாளியைப் பார்க்கப் போகும்போது வெளிநாட்டு ஆப்பிளை வாங்கிச் செல்லும் வழக்கத்தைவிட, ஆயக்குடிக் கொய்யா நான்கு வாங்கிச் செல்வது உடலுக்கும் பணப்பைக்கும் நல்லது.

அரிசி வீடு தேடி வருகிறது, காய் வருவதில்லை

குடும்பங்களின் விருப்பத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடை அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. துவரம் பருப்பும் பாமாயிலும் மானிய விலையில் கிடைக்கின்றன. மாதத்தின் கடைசி வாரத்தில் கையில் பணம் இல்லாவிட்டாலும் சோறும் பருப்பும் பொங்கிவிட முடியும் என்ற உறுதியை இந்த ஏற்பாடு தந்தது. பசியை விரட்டியதில் அதன் பங்கு பெரிது. ஆனால், காய்கறிக்கு அப்படி ஒரு பிடிமானம் இல்லை. செலவைக் குறைக்க நேரும்போது முதலில் சுருங்குவது காய்கறிப் பைதான்.

போதாக்குறைக்கு, காய் விலை நிலையாகவும் இருப்பதில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னையின் நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே தக்காளியை விற்க நேர்ந்தது. அத்தகைய நாள்களில் தக்காளி இல்லாத சமையலுக்கு மாறத் தெரிந்த வீடு தப்பித்துக்கொள்ளும். புளிக்கும் எலுமிச்சைக்கும் புளிச்சகீரைக்கும் நம் சமையலில் குறைவில்லை.

விலையைத் தணிக்க எடுத்த முயற்சிகளில் நீடித்து நிற்பது உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறக்கப்பட்டது. அடையாள அட்டை பெற்ற விவசாயிகள் இடைத்தரகர் இல்லாமல் விற்கிறார்கள்; விலை, மொத்த விலைக்குச் சற்று மேலும் சில்லறை விலைக்குக் கீழும் இருக்கும்படி அன்றன்று நிர்ணயிக்கப்பட்டுப் பலகையில் எழுதப்படுகிறது. அதிகாலையில் போனால் பனி காயாத கீரைக் கட்டு கிடைக்கும். வேலைக்கு ஓடும் குடும்பத்துக்கு அந்த நேரமே தடையாகவும் அமைகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பருவத்தை ஒட்டி வாங்குவது இன்னொரு வழி. கார்த்திகை, மார்கழியில் நெல்லிக்காய், தை மாதத்தில் அவரையும் மொச்சையும், கோடையில் முருங்கையும் மாம்பழமும் வெள்ளரியும் மலிந்து வரும். வரத்து மிகும்போது விலை இறங்கும், சுவையும் கூடும்.

பணத்தைவிடப் பெரிய விலை

காய்கறியின் உண்மையான விலையில் ரூபாய் ஒரு பங்குதான், மறுபங்கு நேரம். இதைப் பேசாமல் எழுதப்படும் எந்த உணவு அறிவுரையும் பாதி அறிவுரையே.

ஒரு வாழைப்பூவை எடுத்துக்கொள்வோம். மடலை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே வரிசையாக இருக்கும் ஒவ்வொரு பூவிலிருந்தும் தலை பருத்த கள்ளனையும், கண்ணாடி போன்ற சிறு செதிலையும் கிள்ளி எறிய வேண்டும். கறுக்காமலிருக்க மோரில் போட வேண்டும். விரலில் கறை ஏறும். வாழைத்தண்டை வட்டமாக அரியும்போது ஒவ்வொரு வில்லைக்கும் இழையும் நாரை விரலில் சுற்றி எடுக்க வேண்டும். அரைக்கீரையை மண் போக மூன்று முறை அலச வேண்டும். அரிசியைக் களைந்து குக்கரில் வைக்கவோ இரண்டு நிமிடம் போதும். களைத்து வீடு திரும்பும் ஒருவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது புரிந்துகொள்ளக் கூடியதே.

அந்த ஒருவர் பெரும்பாலும் பெண். 2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 299 நிமிடங்களை அதில் செலவிடுகிறார்கள்; ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். இந்த நிலையில் காயை இரட்டிப்பாக்கு என்று சொன்னால், நடைமுறையில் அது அம்மாவின் வேலையை இரட்டிப்பாக்கு என்றே பொருள்படும். அந்தச் சுமையை ஒருவர் தோளில் மட்டும் ஏற்றினால், எந்தப் புதுப் பழக்கமும் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காது. வீட்டில் காய் கூட வேண்டுமென்றால் காய் அரிபவர்களின் எண்ணிக்கையும் கூட வேண்டும்.

அதற்கேற்ற வழிகள் புதியவையும் அல்ல. முருங்கைக்கீரையை இரவில் ஒரு துணியில் இறுகச் சுற்றி வைத்தால், காலையில் உதறியதும் இலைகள் தாமாகவே உதிரும். சிறுகீரையை ஆய்வதும் பட்டாணி உரிப்பதும் ஆறு வயதுப் பிள்ளையும் செய்யக் கூடிய வேலைகள். மறுநாள் பொரியலுக்கு இரவிலேயே பீன்ஸை அரிந்து மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வைப்பதால் வைட்டமின் சி கொஞ்சம் குறையலாம். காயே சமைக்காமல் விடுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆய்ந்து முடிக்க நேரமில்லாத நாளில் வெள்ளரி, கேரட், தக்காளி, வெங்காயம் அரிந்து தயிர்ப் பச்சடியாக்கினால் அடுப்பே தேவையில்லை.

தட்டைத் தள்ளிவிடும் குழந்தை

இரண்டிலிருந்து ஆறு வயது வரை குழந்தைகள் புதிய உணவைக் கண்டு தயங்குவது இயல்பான வளர்ச்சிக் கட்டம். கசப்பை விலக்குவதும் இனிப்பை நாடுவதும் பிறவியிலேயே வருபவை. ஆகவே பாகற்காயைத் துப்பும் குழந்தை அடம்பிடிப்பதாக முடிவுகட்டத் தேவையில்லை. ஆய்வுகள் உறுதியாகச் சொல்லும் செய்திகள் சில உண்டு.

1. ஒரே காயை 8 முதல் 15 முறை வரை, சிறு அளவில், வற்புறுத்தாமல் வைத்தால்தான் பல குழந்தைகள் ஏற்கின்றன. மூன்றாவது முறையிலேயே “இவனுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது” என்று வீடு முடிவெடுத்துவிடுவதுதான் சிக்கல். அந்த வாக்கியத்தைக் குழந்தை கேட்டுக்கொண்டே வளர்கிறது; பின்னர் அதுவே அதன் அடையாளமாகிவிடுகிறது.

2. “கீரையைத் தின்றால் சாக்லேட் தருவேன்” என்ற பேரம் அந்த வேளைக்கு மட்டும் உதவும். லியான் பிர்ச் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வுகள், இத்தகைய பேரம் பரிசாக வரும் இனிப்பின் மீது ஆசையை வளர்த்து, காயின் மீது வெறுப்பைக் கூட்டுவதைக் காட்டின. கீரை ஒரு தண்டனை என்ற பாடத்தை நாமே கற்பிக்கிறோம்.

3. சுவைப் பழக்கம் கருவிலேயே தொடங்குகிறது. பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மென்னெல்லா 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் இறுதி மாதங்களிலோ பாலூட்டும் காலத்திலோ கேரட் சாறு குடித்த தாய்மார்களின் குழந்தைகள், கேரட் கலந்த கூழை முகம் சுளிக்காமல் ஏற்றன. பிரசவத்துக்குப் பின் பத்தியம் என்ற பெயரில் தாயின் தட்டிலிருந்து காய்களை ஒவ்வொன்றாக நீக்கும் வீடுகள் இதை மருத்துவரோடு கலந்து மறுபரிசீலனை செய்வது நல்லது.

4. உடன் உண்பவர்களைப் பார்த்தே குழந்தை கற்கிறது. அப்பா ஒதுக்கி வைக்கும் சுரைக்காயைப் பிள்ளை உண்ணும் என்று எதிர்பார்க்க முடியாது. பள்ளிகளில் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவோடு காய்கறிச் சாம்பார் தரப்படுகிறது. நண்பர்கள் நடுவே அமர்ந்து அதே காயை உண்பது, வீட்டில் கெஞ்சி ஊட்டுவதைவிட வலுவான பாடம்.

எதை, எப்போது வைப்பது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். அதில் எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும். இந்தப் பங்கீடு வீட்டுச் சண்டைகளைப் பெருமளவு குறைக்கும். ஐந்து மணிக்குப் பிஸ்கட் பாக்கெட் தீர்ந்திருந்தால் எட்டு மணிக்கு எந்தக் காயும் எடுபடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அடுப்பில் போகும் சத்து

வைட்டமின் சி-யும் போலிக் அமிலமும் நீரில் கரைபவை, வெப்பத்தில் சிதைபவை. எனவே அரிந்த பின் கழுவாமல், கழுவிய பின் அரிய வேண்டும். குறைந்த நீரில், மூடி வைத்து, சீக்கிரம் இறக்க வேண்டும். மிஞ்சிய நீரை ரசத்தில் சேர்த்துவிட வேண்டும். கீரையின் பச்சை நிறம் மாறாதிருக்கச் சமையல் சோடா போடுவது வைட்டமின்களை அழிக்கும். மறுபுறம், கீரையிலும் கேரட்டிலும் உள்ள கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் சேரும் என்பதால், எண்ணெய் விட்டுத் தாளிப்பதும் தேங்காய்த் துருவல் தூவுவதும் வீண் ஆடம்பரமல்ல. பூச்சிமருந்து அச்சத்தைப் பொறுத்தவரை, ஓடும் நீரில் தேய்த்துக் கழுவி, உப்பு நீரில் சிறிது ஊறவிட்டு, மீண்டும் அலசினால் மேற்பரப்பில் படிந்தவற்றில் கணிசமான பகுதி நீங்கும். செடியே உறிஞ்சிக்கொண்டது போகாது. அந்த அச்சத்துக்காகக் காயையே குறைப்பது பெரிய நட்டம்.

சிலருக்கு மட்டும் விதி மாறும். சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ஆபத்தாகலாம். காயை நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிடும்படி மருத்துவர்களே கூறுவதுண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுத்துக்கொள்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் காயைத் தாராளமாகவும், மா, பலா போன்றவற்றை அளவோடும், பழத்தைச் சாறாக்காமல் முழுதாகவும் உண்பது பொருத்தம்.

வாரத்தை அடுக்குதல், தட்டை அடுக்குதல்

9.8 கிலோவையும் ஒரே நாளில் வாங்கினால் பாதி வாடிவிடும். முதல் இரண்டு நாள்களுக்குக் கீரை, அடுத்த இரண்டு நாள்களுக்கு வெண்டை, பீன்ஸ், கத்தரி, கடைசி நாள்களுக்கு முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், பூசணி என்று கெடும் வரிசையில் சமைப்பது கைவந்தால், வாரம் இரண்டு முறை சந்தைக்குப் போவதே போதுமானது. பூசணியை முழுதாக வாங்கினால் குளிர்பெட்டியே வேண்டாம்.

தட்டில் பரிமாறும் வரிசை இதைவிட எளிய மாற்றம். காயையும் புரதத்தையும் முதலில் உண்டு, மாவுச்சத்தைப் பிறகு உண்டால், உணவுக்குப் பின் இரத்தச் சர்க்கரை ஏறும் அளவு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கல்யாணப் பந்தியில் இதற்கான ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது: இலை போட்டவுடன் பச்சடி, பொரியல், கூட்டு, அவியல் எல்லாம் வைத்து முடித்த பிறகே சோறு வரும். வீட்டில் மட்டும் முதலில் சோற்றைக் குவித்து, மிஞ்சிய ஓரத்தில் ‘தொட்டுக்கொள்ள’ ஒரு கரண்டி வைக்கிறோம். நாளை மதியம் பொரியலையும் கூட்டையும் முதலில் வைத்துத் தட்டில் பாதியை நிரப்பிவிட்டு, எஞ்சிய இடத்தில் சோறு போடலாம்.